மண்டபத்தில் நின்றால் செல்ஃப் எடுக்காத பஸ்: பேட்டரியா, மோட்டாரா?

பள்ளத்தூர் வண்டி – ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். ஒரே ஒரு டூரிஸ்ட் பஸ்ஸை வைத்துப் பிழைப்பவன். 2014 மாடல், முன் எஞ்சின், ஆறு சிலிண்டர், பழைய மெக்கானிக்கல் பம்பு. 24 வோல்ட் வண்டி; 12 வோல்ட், 150 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு, தொடர் இணைப்பில்.

வீட்டு ஷெட்டில் காலையில் சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்தாவது எடுத்துவிடும். கல்யாண மண்டபத்தில் மூன்று நான்கு மணி நேரம் நின்றால் போச்சு. 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. போன முகூர்த்தத்தில் கானாடுகாத்தானில் பெண் வீட்டார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே ஒரு பெரியவர், "இதுக்கு வாடகையில எவ்வளவு கழிக்கிறது?" என்று கேட்டார். சொன்னபடி கழித்தும் விட்டார்.

இதுவரை செய்தது: எட்டு மாதம் முன்பு ஒரு பேட்டரி செத்தது, அதை மட்டும் புதிதாகப் போட்டேன். பிறகு செல்ஃப் மோட்டாரை இறக்கி கார்பன், புஷ் மாற்றினேன். அதிலும் சரியாகவில்லை என்றதும் ஒரு கடையில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) ஷார்ட் என்றார்கள், ரீவைண்டிங் செய்தேன். இப்போது அந்தப் புது பேட்டரியும் டவுன். வாரன்ட்டிக்குக் கொண்டு போனால், உபயோகித்த விதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எதை மாற்றுவது?

புதுவயல் டிப்ளமோ – ஞாயிறு, இரவு 9.32

அண்ணே, 150 பத்தாது. இரண்டையும் 200 ஏ.ஹெச் ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரேயடியாக லித்தியத்துக்குப் போய்விடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா – ஞாயிறு, இரவு 9.50

டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியை ஓடவிட்டு பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே விளக்கும் எரிந்தால் டைனமோ நல்லது. முப்பது வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

பழைய டிப்போ – ஞாயிறு, இரவு 10.15

ரஸ்தா, தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். பழைய டைனமோ காலத்தில் அது ஓடியது. இப்போது இருப்பது ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் வோல்டேஜ் ஒரு நொடியில் எகிறும். முதலில் டயோடு போகும், கூடவே ரெகுலேட்டரும் போகலாம். எலக்ட்ரானிக் பெட்டி வைத்த புது வண்டி என்றால் அந்தப் பெட்டியும் சேர்ந்து போகும். நல்ல டைனமோவா என்று பார்க்கப் போய் நல்ல டைனமோவைக் கொன்ற கதை டிப்போவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர் தம்பி, எதையும் வாங்காதீர்கள். மல்டிமீட்டர் இருக்கிறதா? நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு பேட்டரியையும் சேர்த்து ஒரு தடவை, தனித்தனியாக ஒரு தடவை அளந்து எழுதுங்கள். பிறகு எஞ்சினை எடுத்து, கொஞ்சம் ரேஸில் வைத்து, மறுபடியும் அதே மூன்று அளவு. மொத்தம் ஆறு எண். அதுவரை பர்ஸைத் திறக்கவே கூடாது.

இன்னொன்று. இரண்டில் எந்த பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறீர்கள்?

பள்ளத்தூர் வண்டி – திங்கள், காலை 7.05

ஐயா, அளந்துவிட்டேன்.

நிற்கும்போது மொத்தம் 24.6. எர்த் பக்கத்து பேட்டரி (எட்டு மாதப் புதுசு) 11.85. பிளஸ் பக்கத்து பேட்டரி (மூன்று வருடப் பழசு) 12.75.

ஓடும்போது மொத்தம் 28.0. எர்த் பக்கம் 13.0, பிளஸ் பக்கம் 15.0.

தண்ணீர் கேட்டீர்களே, எப்படித் தெரிந்தது? பிளஸ் பக்கத்துப் பழசுதான் குடித்துத் தீர்க்கிறது. இருபது நாளைக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது. புதுசு ஒரு சொட்டு கேட்பதில்லை. நல்ல பேட்டரி என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையூர் ஆச்சி – திங்கள், காலை 7.40

எங்கள் வீட்டில் இரண்டு வேன், ஒரு பஸ். ஓட்டுவது அவர்கள், கணக்கு நான். பேட்டரிக் கணக்கைப் பார்த்தால் எங்கள் பஸ்ஸிலும் ஒரு பக்கத்து பேட்டரி மட்டும்தான் வருடா வருடம் சாகிறது. இன்னொன்று அப்படியே இருக்கிறது. டிரைவரைக் கேட்டால் "ராசி" என்கிறார். பேட்டரிக்கு என்ன ராசி?

பழைய டிப்போ – திங்கள், காலை 8.20

ஆச்சி, ராசியெல்லாம் இல்லை. உங்கள் வண்டியிலும் பாட்டுப் பெட்டி இருக்கும்.

தம்பி, உங்கள் ஆம்ப்ளிஃபயர், டி.வி., மொபைல் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட்தானே? அந்த 12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் நடு வயரிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்பு வயர் கிளம்பும். அதுதான் திருடன், எர்த் பக்கத்து பேட்டரியை மட்டும் உறிஞ்சும்.

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மாட்டை மட்டும் அவிழ்த்துக் கொண்டுபோய்ச் செக்கில் கட்டுகிறீர்கள். காலையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, இரண்டுக்கும் ஒரே அளவு தீவனம் போடுகிறீர்கள். செக்கிழுத்த மாட்டுக்கு அது பத்தாது. சும்மா நின்ற மாட்டுக்கு அது அதிகம். இரண்டு பேட்டரியும் தொடர் இணைப்பில் இருப்பதால் ஆல்டர்னேட்டர் அனுப்பும் ஆம்பியர் இரண்டுக்குள்ளும் ஒன்றாகவே போகும். "இவன் பசியாக இருக்கிறான், இவனுக்குக் கூட" என்று பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. ரெகுலேட்டர் பார்ப்பது மொத்தம் 28 வந்ததா என்பதை மட்டும்தான். வந்துவிட்டது. அதில் ஒன்று 13, இன்னொன்று 15.

15 வோல்ட் வாங்கும் பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் பிளேட் உதிரும். 13 வாங்குவது நிறையவே நிறையாது. அரைகுறையாகக் கிடந்து கிடந்து பிளேட்டில் சல்பேட் கெட்டிப்படும். தண்ணீர் கேட்காத பேட்டரியை நல்லது என்று நினைத்தீர்கள் இல்லையா, அது பட்டினியில் இருந்ததால்தான் கேட்கவில்லை.

பள்ளத்தூர் வண்டி – திங்கள், காலை 9.02

சிவப்பு வயர் இருக்கிறது ஐயா. நடு வயரின் லக்கில் (வயர் முனையில் இருக்கும் பிடியில்) நட்டோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஃபியூஸும் இல்லை. பாடி கட்டும்போதே செய்தது போல. நான் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

புதுவயல் டிப்ளமோ – திங்கள், காலை 9.15

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரும் டி.வி.யும் சேர்ந்து 10 ஆம்பியர் என்றால் மண்டபத்தில் நான்கு மணி நேரத்துக்கு 40 ஏ.ஹெச். அதுவும் ஒரே பேட்டரியிலிருந்து. 150-ல் நாலில் ஒரு பங்குக்கு மேலே. அது ஏற்கனவே முழுசாக நிறையாத பேட்டரி. சரி, 200 ஏ.ஹெச் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆர்மேச்சர் – திங்கள், காலை 11.30

காரைக்குடியில் செல்ஃப், டைனமோ வேலை பார்ப்பவன். டிப்போ ஐயா சொன்னது சரி. ஆனால் கேஸ் அதோடு முடியவில்லை என்று என் மனசு சொல்கிறது. 24.6 வோல்ட் இருக்கும்போது காலையில் 'இழுத்து இழுத்து' எடுப்பதற்கு பேட்டரி மட்டும் காரணமாக இருக்காது. கிராங்க் செய்யும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் பிடித்துவிடாமல் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் மீட்டரோடு கீழே. நான்கு இடத்தில் பாருங்கள்:

மொத்த பேட்டரியில் எவ்வளவு. செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் நடுவே எவ்வளவு. பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு. கடைசியாக பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே எவ்வளவு.

மீட்டர் முனையை லக் மேல் வைக்காதீர்கள், ஈயக் கம்பத்தின் தலையிலேயே வையுங்கள். லக்குக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் பாதி வியாதி. ஒவ்வொரு தடவையும் ஐந்து நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

பள்ளத்தூர் வண்டி – திங்கள், மாலை 5.45

மச்சான் சாவி, நான் கீழே.

பேட்டரியில் 17.5. செல்ஃபில் 14.8. பிளஸ் பக்கம் 0.6. எர்த் பக்கம் 2.1.

இதற்கு என்ன அர்த்தம் அண்ணே?

ஆர்மேச்சர் – திங்கள், மாலை 6.10

24 வோல்ட் மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்துவிட்டு அது சோம்பேறி என்று ரீவைண்டிங் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் செய்யவில்லை, வேறு யாரோ. ஆனாலும் தொழில்காரன் என்ற முறையில் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எர்த்தில் 2.1 வோல்ட் போகிறது. செல்ஃப் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் ஓடும். 400 ஆம்பியர் என்றால் ஐந்து மில்லி ஓம் இருந்தாலே 2 வோல்ட் காலி. ஐந்து மில்லி ஓம் என்பது ஒரு துருப்பிடித்த வாஷர். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், சாதாரண டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆம்பியர் ஓடும்போது மட்டும்தான் குட்டு வெளிப்படும்.

பழைய டிப்போ – திங்கள், மாலை 6.25

தம்பி, ஒரு கேள்வி. இந்த வண்டிக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் எத்தனை தடவை மாற்றியிருக்கிறீர்கள்?

பள்ளத்தூர் வண்டி – திங்கள், மாலை 6.31

ஐயா, நீங்கள் ஜோசியமும் பார்ப்பீர்களா? ஒரே வருடத்தில் இரண்டு தடவை. மேலுறை உருகி உள்ளே ஒட்டிக்கொள்கிறது. சைலன்ஸர் சூடு என்று நினைத்தேன்.

பழைய டிப்போ – திங்கள், மாலை 6.50

எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் செம்புப் பின்னல் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள், தலைப்பின்னல் மாதிரி இருக்கும். அது அறுந்தாலோ அடியில் துரு பிடித்தாலோ, அந்த நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். கிடைப்பது ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள். மெல்லிய கம்பி, சூடாகாமல் என்ன செய்யும்?

நாளை யாரையாவது சாவி திருப்பச் சொல்லிவிட்டு அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். விரலால் இல்லை, புறங்கையால்.

பள்ளத்தூர் வண்டி – செவ்வாய், காலை 10.20

தொட்டேன். ஐந்து நொடி கிராங்குக்கே வெதுவெதுப்பு.

பட்டையைத் தேடிக் கண்டுபிடித்தோம். கிளட்ச் ஹவுசிங் பக்கத்தில், செம்மண்ணும் ஆயிலும் கலந்து அப்பியிருந்த கட்டிக்குள் கிடந்தது. சுரண்டி எடுத்தால் பின்னலில் மூன்றில் இரண்டு பங்கு இழை அறுந்து பச்சை பூத்திருக்கிறது. சேஸிஸ் பக்கத்து போல்ட்டுக்கு அடியில் யாரோ பெயின்ட் மேலேயே வாஷர் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பாடி பெயின்ட் அடித்தபோது கழற்றி மாட்டியது என்று நினைக்கிறேன்.

கோட்டையூர் ஆச்சி – செவ்வாய், காலை 10.48

ஒரு வாஷர் துருவுக்கு ஒரு பேட்டரி, ஒரு ரீவைண்டிங், இரண்டு கேபிள், கானாடுகாத்தான் வாடகைக் கழிவு. இதைக் கூட்டிப் பார்த்தீர்களா தம்பி? பார்க்காதீர்கள்.

பேட்டரித் தண்ணீர் பற்றி ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மாமனார் காலத்தில் மழைக்கு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்போம். ஓட்டுத் தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாம் மழை. காருக்கு பேட்டரித் தண்ணீர் அதுதான். கார் நன்றாகத்தான் ஓடியது. இப்போது டிரைவர் ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்கிறார். எது சரி?

பழைய டிப்போ – செவ்வாய், மதியம் 12.30

ஆச்சி, இரண்டும் வேண்டாம். மழைத் தண்ணீர் வானத்திலிருந்து விழும்போது கிட்டத்தட்ட சுத்தம்தான். ஓட்டில் பட்டு, தகரத் தாழ்வாரத்தில் ஓடி, பித்தளை அண்டாவில் விழுந்தபிறகு அது வேறு தண்ணீர். இரும்பு ஒரு துளி போனாலும் பேட்டரி சும்மா நிற்கும்போதே தானாக இறங்கும். செம்பு கரைந்து போனால் நெகட்டிவ் பிளேட்டில் போய்ப் படியும், அதுவும் தானாக இறக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறையுமே தவிர, முழுசாகப் போகாது. குளோரைடு பாசிட்டிவ் கம்பிவலையை அரிக்கும். நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற சிக்ரியே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தார்கள். அதன் மதில் ஓரமாகவே வண்டியை நிறுத்தி, குடத்திலிருந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற டிரைவரை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்டில்ட் வாட்டர் என்று போட்ட கேன் வாங்குங்கள். வண்டி ஓடி சார்ஜ் ஏறியபிறகு ஊற்றுங்கள். காலி பேட்டரியில் முட்ட ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளியே வரும், ஆசிட்டும் கூடவே வரும். குறைந்தது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. அதனால் ஆசிட் ஊற்றவே கூடாது.

புதுவயல் டிப்ளமோ – செவ்வாய், மதியம் 1.10

பள்ளத்தூர் அண்ணே, ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? எங்கள் சார் ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்தார். ஆசிட் அடர்த்தியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ். ஆறால் பெருக்கினால் பேட்டரி. 11.85 வோல்ட் என்றால் அடர்த்தி 1.135 பக்கம் இருக்க வேண்டும்.

பள்ளத்தூர் வண்டி – செவ்வாய், மாலை 4.00

ஆர்மேச்சர் அண்ணன் கடையில் வாங்கிப் பார்த்தேன். எர்த் பக்கத்து பேட்டரியில் ஐந்து செல் 1.140, ஒன்று 1.125. பிளஸ் பக்கம் எல்லாம் 1.280. தம்பி, உங்கள் சாருக்கு வணக்கம் சொல்லுங்கள்.

அந்தப் புது பேட்டரியைக் காப்பாற்ற முடியுமா?

ஆர்மேச்சர் – செவ்வாய், மாலை 4.40

முயற்சி செய்யலாம். இரண்டையும் பிரித்து, இதை மட்டும் 12 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். அவசரப்படக் கூடாது. 7, 8 ஆம்பியரில் ஒரு நாள் முழுக்க. தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். காற்றோட்டமான இடம், மூடிகளைத் தளர்த்தி வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. வெளியே வருவது ஹைட்ரஜன். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் பட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். ஆறு செல்லும் 1.240-க்கு மேல் வந்து, மூன்று நாள் சும்மா வைத்தும் இறங்காமல் நின்றால் பிழைத்தது. ஒரு செல் மட்டும் ஏறவே மறுத்தால் விட்டுவிடுங்கள்.

டெர்மினல் கழற்றும்போது முதலில் எர்த், மாட்டும்போது கடைசியில் எர்த். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பச்சை, வெள்ளைப் பூவை ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், நுரைத்துக்கொண்டு போகும். செல்லுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்கட்டும். லக்கின் உள்பக்கமும் கம்பமும் பளபளவென்று வரும்வரை தேய்த்து, முறுக்கி இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின். வாசலின் தடவிவிட்டு மாட்டக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா – செவ்வாய், இரவு 8.15

நான் சொன்ன டெர்மினல் சோதனையை இனி செய்ய மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆர்மேச்சர், செல்ஃப் மோட்டாரை வருடம் ஒரு முறை இறக்கத்தான் வேண்டுமா? எங்கள் முதலாளி 'ஓடுகிறதைத் தொடாதே' என்கிறார்.

ஆர்மேச்சர் – செவ்வாய், இரவு 9.30

வருடம் ஒரு முறை இறக்குவது நல்லது. ஆடியில் கல்யாணம் இல்லை, வண்டிகள் சும்மா நிற்கும். அப்போது கொண்டு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் வருவார்கள்.

இறக்கினால் நான் முதலில் பார்ப்பது பின் மூடியின் உள்பக்கம். அங்கே சின்னச் சின்ன ஈயப் பொட்டு தெறித்திருந்தால் ஆர்மேச்சர் கொதித்திருக்கிறது, கம்யூட்டேட்டரில் (கார்பன் உரசும் செம்புப் பட்டைகளில்) பற்றவைத்தது உருகிப் பறந்திருக்கிறது. அது டிரைவர் சாவியைப் பிடித்துத் தொங்கியதன் கையெழுத்து. பத்து நொடிக்குள் எடுக்கவில்லையா, விடு, இரண்டு நிமிடம் ஆறட்டும். டீசலில் காற்றுப் பிடித்திருந்தால் அரை மணி நேரம் சுற்றினாலும் எடுக்காது.

கார்பன் புதுசின் நீளத்தில் பாதிக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது கார்பன் போட்டும் பயனில்லை. கம்யூட்டேட்டர் பட்டைகளுக்கு நடுவே மைக்கா மேலே எழும்பியிருந்தால் ஹேக்சா பிளேடுத் துண்டால் கீறிக் கீழே இறக்குவோம். புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப் போட வேண்டும். அவசரத்தில் காய்ந்த புஷ்ஷைத் தட்டி ஏற்றினால் மூன்று மாதத்தில் ஆர்மேச்சர் சாய்ந்து ஃபீல்டில் உரசும்.

பென்டிக்ஸை (ஃபிளைவீல் பல்லில் போய்க் கோக்கும் பினியன் பகுதியை) மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ முக்கி எடுக்கிறார்கள், அது பெரிய தப்பு. ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கிளட்சுக்குள் கம்பெனியில் வைத்த கிரீஸ் கரைந்து போய்விடும். பிறகு ஒரு நாள் சாவியைத் திருப்பினால் மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றும், எஞ்சின் அசையாது. பினியன் பல்லில் கிரீஸ் அப்புவதும் வேண்டாம். நம் செம்மண் ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து அரைக்கும் சாந்து ஆகிவிடும்.

சொலினாய்டு (செல்ஃப் மேல் இருக்கும் காந்த சுவிட்ச்) 'டக்' என்று ஒரே சத்தம் போட்டு நின்றால் உள்ளே செம்பு போல்ட் தலை கருகியிருக்கலாம். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றாக்குறை: இழுக்கிறது, மோட்டார் கரண்ட் எடுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, பிடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது. கருகிய போல்ட்டை அரை வட்டம் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் முன்னால் வரும். அதிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

கடைசியாக ஃபிளைவீல் ரிங். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் மூன்றே இடத்தில்தான் நிற்கும். அந்த மூன்று இடத்துப் பல் மட்டும் தேயும். சில நாள் எடுக்கிறது, சில நாள் கரகரக்கிறது, ஃபேனைக் கையால் கொஞ்சம் அசைத்துவிட்டால் எடுக்கிறது என்றால் செல்ஃபைத் திட்டாமல் ரிங்கைப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா – செவ்வாய், இரவு 9.41

முதலாளிக்கு இதைப் படித்துக் காட்டுகிறேன். 'சாவியைப் பிடித்துத் தொங்கியது' வரியை மட்டும் விட்டுவிட்டு.

கோட்டையூர் ஆச்சி – புதன், காலை 8.00

எங்கள் புது பஸ் பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த மாடல்). மெயின் சுவிட்ச் இருக்கிறது. ராத்திரி ஆஃப் செய்யச் சொன்னால் டிரைவர் கம்பெனியில் கூடாது என்று சொன்னதாகச் சொல்கிறார். நிஜமா?

பழைய டிப்போ – புதன், காலை 8.35

பாதி நிஜம். எஞ்சினை நிறுத்திய உடனே ஆஃப் செய்யக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் போகும் குழாயை அந்த வண்டி தானே காலி செய்துகொள்ளும், அதற்குச் சில நிமிடம் கரண்ட் வேண்டும். அதை நடுவில் வெட்டினால் குழாயில் யூரியா உப்பாக உறையும். டிரைவர் டிரிப் ஷீட் எழுதி முடித்து இறங்கும்போது ஆஃப் செய்தால் சரியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் நிற்கப் போகிறது என்றால் கட்டாயம் செய்யுங்கள். ஜி.பி.எஸ்., கேமரா என்று தூங்காத பெட்டிகள் இப்போது நிறைய. அரை ஆம்பியர் கசிந்தாலும் ஒரு நாளைக்கு 12 ஏ.ஹெச், பத்து நாளில் 120. ஆடி மாதம் முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

இன்னொன்று, அந்த வண்டியைத் தள்ளி எடுக்க நினைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு வோல்டேஜ் இல்லாமல் டீசல் தெறிக்காது. பாடியில் வெல்டிங் வேலை வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்யச் சொல்ல வேண்டும்.

பள்ளத்தூர் வண்டி – அடுத்த வாரச் சனி, இரவு 10.30

முடிவைச் சொல்ல வந்தேன்.

புதுப் பின்னல் பட்டை போட்டாயிற்று. சேஸிஸில் போல்ட் இடத்தைப் பெயின்ட் போக வெள்ளையாகத் தேய்த்தோம். லக் எல்லாம் சோடா போட்டுக் கழுவியாயிற்று. எர்த் பக்கத்து பேட்டரி ஒன்றரை நாள் சார்ஜரில் கிடந்தது. ஐந்து செல் 1.250 வந்தது, அந்த நொண்டிச் செல் 1.235. மூன்று நாள் வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. ஆர்மேச்சர் அண்ணன், "ஒரு முகூர்த்த சீஸன் தாங்கும், அப்புறம் இரண்டையும் சேர்த்தே மாற்று, ஒரே கம்பெனி, ஒரே தேதி" என்றார்.

இப்போது கிராங்கில் பேட்டரியில் 20.8, செல்ஃபில் 20.0. ஆக்சிலரேட்டர் கேபிள் சில்லென்று இருக்கிறது. இன்று காலை குன்றக்குடிக்கு ஒரு டிரிப், மலையடிவாரத்தில் மூன்று மணி நேரம் நின்றோம். சாவியைத் திருப்பினேன், அரைச் சுற்றில் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் தள்ளுவதற்கு ஒரு காலை ஏற்கனவே படியில் வைத்திருந்தான்.

சிவப்பு வயரைப் பிடுங்கிவிட்டேன். அதனால் இப்போதைக்குப் பாட்டு இல்லை. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 20 ஆம்பியர், திங்கட்கிழமை வருகிறது.

புதுவயல் டிப்ளமோ – சனி, இரவு 10.52

கன்வெர்ட்டர் போட்டாலும் கரண்ட் செலவு செலவுதான் அண்ணே. ஆனால் இரண்டு பேட்டரியும் சமமாக இறங்கும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 24 பக்கம் ஐந்தரை, ஆறு. நான்கு மணி நேரத்துக்கு 24 ஏ.ஹெச் கூட ஆகாது.

கோட்டையூர் ஆச்சி – ஞாயிறு, காலை 6.20

எங்கள் பஸ்ஸிலும் அதே சிவப்பு வயர். நேற்று நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், 'ராசி' என்று எதுவும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கன்வெர்ட்டர் சொல்லிவிடுங்கள். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே வைப்பது?

ஆர்மேச்சர் – ஞாயிறு, காலை 9.05

20 ஆம்பியர் கன்வெர்ட்டருக்கு 24 வோல்ட் பக்கம் 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும் ஆச்சி. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். கன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசித் தீப்பிடித்தாலும் ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு ரிலே வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.